மலைப்பாதைக்கு அடிப்படை வகையா, உயர்வகையா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் கோத்தகிரியில் வசிக்கிறேன். வேலைக்காக வாரத்தில் ஆறு நாள் குன்னூருக்குப் போய் வருகிறேன். மாதத்தில் ஓரிரு முறை குஞ்சப்பனை வழியாக இறங்கிக் கோவைக்கும் செல்வேன். ஏழு ஆண்டுகளாக ஒரு 125 சிசி வண்டிதான் ஓட்டுகிறேன். இப்போது டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 வாங்கப் பணம் சேர்த்திருக்கிறேன். அதில் குயிக் ஷிஃப்டர் இல்லாத வகை, இருக்கும் வகை, அதற்கும் மேல் டைனமிக், டைனமிக் புரோ என்ற கூடுதல் தொகுப்புகள் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். நண்பர்கள் ‘வாங்குவது ஒரு தடவை, டாப் மாடலாகவே எடுத்துவிடு’ என்கிறார்கள். அப்பாவோ ‘எல்லாவற்றிலும் ஒரே இன்ஜின்தானே, எதற்கு வீண் செலவு’ என்கிறார். நம் மலைச் சாலைக்கு எது பொருந்தும், ஐயா?
(ஒரு வாசகர், கோத்தகிரி)

பதில்: இன்ஜினைப் பொறுத்தவரை உங்கள் அப்பா சொல்வதில் பிழை இல்லை. ஓசூரில் தயாராகும் இந்த வண்டியின் எந்த வகையை எடுத்தாலும் அதே 312.2 சிசி ஒற்றை சிலிண்டர் இன்ஜின்தான். 2024 செப்டம்பரில் வெளியான வடிவத்தில் அது 9,800 ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) 38 குதிரைத்திறனையும், 7,900 ஆர்பிஎம்மில் 29 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் தருகிறது. அப்போது அறிவிக்கப்பட்ட ஷோரூம் விலைப்படி குயிக் ஷிஃப்டர் இல்லாத சிவப்பு வண்டி 2,75,000 ரூபாய். குயிக் ஷிஃப்டர் உள்ள சிவப்பு வண்டி 2,92,000 ரூபாய். டைனமிக் தொகுப்புக்கு 18,000 ரூபாயும் டைனமிக் புரோவுக்கு 16,000 ரூபாயும் தனி. 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருப்பதால், இன்றைய விலையை ஷோரூமில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாம் பார்க்க வேண்டியது இடைவெளியைத்தான். அறிமுக விலைக் கணக்கில் எல்லாவற்றையும் சேர்த்தால் 51,000 ரூபாய் வருகிறது. மாதச் சம்பளக்காரருக்கு அது கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடும் தொகையாக இருக்க முடியாது.

அந்த 51,000 ரூபாயில் ஒரு காசுகூட இன்ஜினின் இழுவைக்குப் போவதில்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், மலையில் இருப்பவர்கள் பலர் ‘டாப் மாடல் நன்றாக ஏறும்’ என்று எண்ணிப் பணம் கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் ஊரில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. சுமார் 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும். பழைய கார்புரேட்டர் வண்டிகள் மேலே வந்ததும் கரும்புகை கக்கித் திணறியதுபோல இன்றைய ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டிகள் திணறுவதில்லை என்றாலும், இல்லாத காற்றை எந்தக் கருவியாலும் உண்டாக்கிவிட முடியாது. ஆகவே நீங்கள் வாங்கப்போகும் 38 குதிரைத்திறன் கோத்தகிரியில் முப்பத்திரண்டைப் போலத்தான் நடந்துகொள்ளும். அடிப்படை வகைக்கும் உச்ச வகைக்கும் இந்த இழப்பு ஒன்றேதான். 125 சிசி வண்டியிலிருந்து வரும் உங்களுக்கு அந்த முப்பத்திரண்டே தாராளம்.

இனி ஒவ்வொரு கூடுதல் வசதியையும், அது எந்த இடத்தில் வேலை செய்யும் என்று கேட்டுப் பார்ப்போம்.

குயிக் ஷிஃப்டர் என்பது கிளட்சைப் பிடிக்காமலே கியரை மாற்ற உதவும் கருவி. கியர் மிதியில் கால் அழுத்துவதை ஓர் உணரி கண்டுகொண்டு, கண நேரத்துக்கு இன்ஜினின் இழுவையைத் தளர்த்திவிட, கியர் வழுக்கிக்கொண்டு விழுகிறது. ஆக்சிலரேட்டரை முறுக்கிப் பிடித்தபடி உயர்ந்த சுழற்சியில் ஓடும்போதுதான் இதன் அருமை தெரியும். பந்தயத் தடத்தில் பிறந்த பொருள் அது. கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகும் சுமார் 20 கிலோமீட்டரில் அப்படி முறுக்கிப் பிடிக்க எத்தனை இடம் இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். இரண்டாவது, மூன்றாவது கியர்களுக்குள்ளேயே பாதி வழி போய்விடும். குறைந்த வேகத்தில் குயிக் ஷிஃப்டரைப் பயன்படுத்தினால் வண்டி ஓர் உதறு உதறும், பின்னால் அமர்ந்திருப்பவரின் தலைக்கவசம் உங்கள் தலைக்கவசத்தில் முட்டும். கொண்டை ஊசி வளைவில் பேருந்துக்கு வழிவிட்டு நின்று புறப்படும்போது இடக்கை கிளட்சைத்தான் தேடும். கோவைக்குப் போகும் அந்த ஓரிரு நாட்களில் மேட்டுப்பாளையத்தைத் தாண்டியபின் கொஞ்ச நேரம் அனுபவிக்கலாம். அதற்கு 17,000 ரூபாய் அதிகம் என்பது என் எண்ணம்.

டைனமிக் தொகுப்பின் முக்கியப் பொருள், சாலைக் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன்; முன்னும் பின்னும் நம் விருப்பப்படி அதைத் திருத்திக்கொள்ளலாம். துருப்பிடிக்காதபடி பித்தளைப் பூச்சுள்ள செயினும் அதனோடு வருகிறது. மூடுபனியும் மழையும் மாறி மாறி நனைக்கும் நம் ஊரில் அந்தச் செயினை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். சஸ்பென்ஷன் உயர்ந்த பொருள்தான். ஆனால் அதைத் திருகுகிறவர் வேண்டுமே! சென்ற ஆண்டு அருவங்காட்டுப் பக்கம் ஒரு சிறிய பட்டறையில், மூன்று ஆண்டு ஓடிய, இதே வசதியுள்ள வேறொரு வண்டி நின்றது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் உச்சியில் இருந்த திருகுகளின் பள்ளத்தில் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தன. மெக்கானிக் ஓர் ஊசியால் அதைக் கிளறி எடுத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒவ்வொரு சொடுக்காக எண்ணினார். தொழிற்சாலையில் வைத்த எண்ணிலிருந்து ஒரு சொடுக்குகூட மாறவில்லை. உரிமையாளர் பக்கத்தில் நின்று, ‘இதெல்லாம் திருகலாமா அண்ணா?’ என்று கேட்டார். அவரைக் கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. பெரும்பாலோர் அப்படித்தான் இருப்போம்.

நீங்கள் அப்படிப்பட்டவரா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். இப்போதுள்ள வண்டியின் முன் ஃபோர்க்கில் பளபளப்பாக இருக்கும் குழாயின் மேல் ஒரு கேபிள் டையைக் கட்டுங்கள். ஒருவர் வண்டியைத் தூக்கிப் பிடிக்க, ஃபோர்க் முழுவதும் நீண்டிருக்கும் நிலையில் அதை ரப்பர் சீலை ஒட்டித் தள்ளிவிட்டு, நீங்கள் வழக்கமான உடையோடு மெல்ல ஏறி அமர்ந்து மெல்ல இறங்குங்கள். டை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தால், உங்கள் எடைக்கு ஃபோர்க் எவ்வளவு அமிழ்கிறது என்பது தெரியும். ஃபோர்க் மொத்தமாக அமிழக்கூடிய நீளத்தில் கால் பங்கிலிருந்து முப்பது விழுக்காடு வரை அமிழ்ந்தால் சரியான நிலை. இந்தச் சோதனையை ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்து, அது உங்களுக்குச் சுவையாக இருந்தால் டைனமிக் தொகுப்புக்குப் பணம் கட்டலாம்; ‘இது நமக்கு வேலையற்ற வேலை’ என்று தோன்றினால் அந்த 18,000 ரூபாயை மிச்சப்படுத்துங்கள். உங்கள் எடை மிகக் குறைவாகவோ மிக அதிகமாகவோ இருந்தால் மட்டும் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்.

டைனமிக் புரோ வேறு இனம். வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை அளக்கும் உணரித் தொகுதி ஒன்று அதில் வருகிறது. அதை வைத்து, வளைவில் சாய்ந்திருக்கும்போதும் பிரேக்கையும் பின்சக்கர இழுவையையும் வண்டி கட்டுப்படுத்துகிறது. ஏபிஎஸ் என்பது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு; கார்னரிங் ஏபிஎஸ் என்று ஷோரூமில் சொல்வது, சாய்வையும் கணக்கில் கொள்ளும் இந்த வகையைத்தான். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டிகளுக்கும் ஏபிஎஸ் 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாகிவிட்டது; இந்த வண்டியின் அடிப்படை வகையிலும் இரு சக்கரங்களுக்கும் ஏபிஎஸ் உண்டு. ஆனால் அது சக்கரங்களின் வேகத்தை மட்டுமே பார்க்கும். வண்டி நேராக ஓடும்போது டயரின் பிடிப்பு முழுவதையும் பிரேக்குக்குக் கொடுக்கலாம். சாய்ந்திருக்கும்போது அதே பிடிப்பை வளைவும் பிரேக்கும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அந்தப் பங்கு குறைந்துவிட்டதைச் சாதாரண ஏபிஎஸ் அறியாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாத விடியற்காலையில் கேத்தி பாலாடாவைத் தாண்டி வந்துகொண்டிருந்தேன். கேரட் கழுவிய மண்நீர் லாரிகளிலிருந்து சிந்திச் சிந்தி, ஒரு வலப்பக்க வளைவு முழுவதும் மெல்லிய குழம்பாகப் படிந்திருந்தது. வேகம் முப்பதுக்கு மேல் இருக்காது. எதிரே பச்சைத் தேயிலை மூட்டைகளோடு ஒரு டெம்போ முகம் காட்டியதும், சாய்ந்த நிலையிலேயே முன் பிரேக்கை இரண்டு விரல்களால் பற்றினேன். லீவரில் ஏபிஎஸ் துடித்தது கையில் தெரிந்தது, சக்கரம் பூட்டிக்கொள்ளவில்லை. ஆனால் வண்டி தானாக நிமிர்ந்து, வளைவை மறந்து நேராக ஓடி, சாலையின் இடது விளிம்பில் இருந்த சாக்கடைச் சுவரில் உரசி நின்றது. தவறு என்னுடையது, வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்திருக்க வேண்டும். சாய்வை அறியும் ஏபிஎஸ் அன்று இருந்திருந்தால் அழுத்தத்தை இன்னும் மெதுவாக ஏற்றியிருக்கும், நானும் சாக்கடைக்கு ஒரு முழம் முன்னதாக நின்றிருக்கலாம். அது மாயம் செய்யும் என்று சொல்லவில்லை. குழம்பின் மேல் எந்த மின்னணுவும் பிடிப்பை உண்டாக்காது. ஆனால் தினமும் சில்வர் ஓக் இலைகள் நனைந்து ஒட்டிக்கிடக்கும் சாலையில், திருப்பத்துக்கு அப்பால் காட்டெருமை நிற்கிறதா என்று தெரியாமலே திரும்புகிறவருக்கு, கூடுதல் வசதிகளில் உயிரோடு தொடர்புடையது இது ஒன்றுதான்.

ஆகவே என் வரிசை இது: பணம் இருந்தால் முதலில் டைனமிக் புரோ, பிறகு டைனமிக், கடைசியாகக் குயிக் ஷிஃப்டர். எந்த வகையோடு எந்தத் தொகுப்பைச் சேர்த்துத் தருவார்கள் என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘இப்போது அடிப்படை வகை, பிற்பாடு ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டயர், பிரேக் பேட், செயின் ஆகியவற்றைப் பிற்பாடு மாற்றலாம். சாய்வு உணரியோடு கூடிய ஏபிஎஸ்ஸை வெளியில் வாங்கி மாட்ட வழியில்லை. மேலும், பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்திருக்கிறது.

செலவுக் கணக்கில் இரண்டு சொல்ல வேண்டும். தமிழகத்தில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கு ஆயுட்கால வரி 2023 நவம்பர் முதல் 12 விழுக்காடு. எனவே தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வண்டி விலையோடு சேரும் ஒவ்வொரு 10,000 ரூபாய்க்கும் மேலே 1,200 ரூபாய் போகும். மூன்றாம் நபர் காப்பீட்டுத் தொகை சிசியைப் பொறுத்தது என்பதால் எந்த வகைக்கும் அது மாறாது. சொந்தச் சேதத்துக்கான காப்பீடுதான் வண்டி மதிப்போடு சேர்ந்து ஏறும்.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எந்த வகையாக இருந்தாலும் இது குனிந்து ஓட்டும் வண்டி. எடை 174 கிலோ. இறக்கத்தில் உங்கள் உடல் பாரம் முழுவதும் மணிக்கட்டுக்கு வரும். ஹேண்டில்பார் உங்கள் 125 சிசி வண்டியைப் போல முழுவதும் திரும்பாது; ஒடுக்கமான சந்தில் ஒரே வளைப்பில் திருப்ப முடியாமல் காலால் தள்ளிப் பின்வாங்க வேண்டியிருக்கும். ஆகவே சமதரையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு முடிவெடுக்காதீர்கள். ஓர் ஏற்றத்தில் நிறுத்திப் புறப்பட்டு, இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே பத்து நிமிடம் இறங்கி, பின்னால் உங்கள் எடையுள்ள ஒருவரை ஏற்றி, சரிவில் ஒரு யூ டர்ன் அடித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் மனம் அதையே கேட்டால் வாங்குங்கள். அடிப்படை வகையிலேயே ஸ்லிப்பர் கிளட்ச் இருப்பதால், இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜின் பிடிப்பில் இறங்கும்போது பின்சக்கரம் அவ்வளவாகத் துள்ளாது. மழைக்கென்று தனி ஓட்டுமுறையும் எல்லா வகையிலும் இருக்கிறது. குயிக் ஷிஃப்டருக்குக் கட்டாத 17,000 ரூபாயில் தரமான தலைக்கவசம், நீர் புகாத கையுறை, மழைச்சட்டை ஆகியவற்றை வாங்கிவிடலாம். டிசம்பர் விடியலில் விரல்கள் விறைத்துப்போனால், எவ்வளவு உயர்ந்த பிரேக்காக இருந்தாலும் அதைப் பிடிக்கும் கை இருக்காது.

கேள்வி: ஊட்டியில் கல்லூரியில் படிக்கிறேன். யமஹா ஆர்15 எடுப்பதா, ஆர்15 எம் எடுப்பதா? அண்ணன் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.
(ஒரு மாணவர், உதகை)

பதில்: அண்ணன் பணம் என்பதால் தாராளமாகச் சொல்லிவிட மாட்டேன். இரண்டிலும் 155 சிசி இன்ஜின், 18.4 குதிரைத்திறன், ஒரே சட்டகம், ஒரே டயர். இந்த நான்காம் தலைமுறை 2021 செப்டம்பரில் அறிமுகமானபோது மிகக் குறைந்த விலையுள்ள சிவப்பு வண்டிக்கும் எம் வகைக்கும் இருந்த வேறுபாடு 10,000 ரூபாய்; அதற்குக் கிடைத்தவை குயிக் ஷிஃப்டரும் நிறமும் அலங்காரமும்தான். பின்சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல், ஸ்லிப்பர் கிளட்ச், இரு சக்கர ஏபிஎஸ் ஆகியவை அடிப்படை வகையிலேயே வந்துவிட்டன. கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் எம் என்ற எழுத்து எந்த உதவியும் செய்யாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்த இன்ஜினின் வால்வு அமைப்பு 7,400 ஆர்பிஎம்மைத் தாண்டிய பிறகுதான் முழு மூச்சோடு மாறுகிறது. ஊட்டியின் மெல்லிய காற்றில் அதற்குக் கீழே ஓட்டினால் ஏற்றத்தில் சோர்வாகத் தோன்றும். ஒரு கியர் குறைத்து ஓட்டப் பழகிக்கொள்ளுங்கள். நிறம் பிடித்திருந்தால் எம் வாங்குவதில் குற்றமில்லை. நிறத்துக்காகத்தான் வாங்குகிறோம் என்று அண்ணனிடமும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: டயரில் காற்று எவ்வளவு என்று திரையிலேயே காட்டும் உயர்வகை வண்டி ஒன்றைப் பார்த்தேன். காலையில் குன்னூரில் பிடித்த காற்று மேட்டுப்பாளையம் இறங்கியதும் வெயிலில் ஏறிவிடும் என்கிறார்கள். அப்படியானால் அந்த வசதி நமக்கு அவசியந்தானே?
(ஒரு வாசகி, குன்னூர்)

பதில்: பயன் உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்துக்காக அன்று. வெயிலில் காற்று விரிவது உண்மை. ஆனால் கீழே இறங்க இறங்க வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறுகிறது. குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே அது ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ கூடும். காற்றுமானி காட்டுவது உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை என்பதால், 14 டிகிரி குளிரில் பிடித்த 32 பிஎஸ்ஐ, 32 டிகிரி வெப்பத்தில் கீழே நிழலில் ஆறியபிறகு பார்த்தால் கிட்டத்தட்ட அதே 32 ஆகத்தான் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. பலர் செய்யும் தவறு வேறு: மலை இறங்கிய சூட்டோடு பெட்ரோல் பங்க்கில் காற்றைச் சரிபார்ப்பது. அப்போது கூடுதலாகக் காட்டுவதை நம்பிக் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் குளிரில் டயர் தொய்ந்து கிடக்கும்.

திரையில் காட்டும் வசதியின் உண்மையான பயன் ஆணி குத்திய டயரில்தான். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் காற்று மெல்ல மெல்ல இறங்கும். பர்லியார் பக்கத்து வளைவுகளில் முன்பக்கம் கனத்துத் திரும்ப மறுப்பதை ஓட்டுபவர் உணர்வதற்கு முன் திரை சொல்லிவிடும். ஆனால் அதற்காக மட்டும் உயர்வகைக்குப் போக வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை வண்டி ஆறியிருக்கும் காலையில், கையடக்கக் காற்றுமானியால் பாருங்கள். மலை மேல் சில வண்டிகளின் திரை, கைமானியைவிட இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைத்துக் காட்டும். உணரி கடல் மட்டத்து அழுத்தத்தை வைத்துக் கணக்கிடுவதே காரணம். அந்த வேறுபாடு தினமும் ஒரே அளவாக இருந்தால் கைமானியை நம்புங்கள்.

கேள்வி: உயர்வகை வண்டி வாங்கினால் உயர்வகைப் பெட்ரோல்தான் போட வேண்டுமா?
(ஒரு வாசகர், வெலிங்டன்)

பதில்: வேண்டியதில்லை. வகைகளுக்கிடையே இன்ஜின் மாறாதபோது பெட்ரோலும் மாறாது. எக்ஸ்பி 95 போன்ற பெயர்களில் வரும் 95 என்பது ஆக்டேன் எண்; இந்த எண், இன்ஜினில் பெட்ரோல் தானாக வெடித்து எழும் தட்டல் வராமல் தாங்கும் திறனைக் குறிக்கிறதே ஒழிய, வலிமையைக் குறிப்பதில்லை. மலை மேல் காற்று மெலிந்து சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவதால் தட்டல் வரும் வாய்ப்பும் சமவெளியைவிடக் குறைவு. வண்டியோடு வரும் கையேட்டில் 91 ஆக்டேன் போதும் என்றிருந்தால் சாதாரணப் பெட்ரோலையே போடுங்கள். கையேடு உயர்ந்த எண்ணைக் கேட்டால் மட்டும் அதன்படி நடங்கள்.